சுண்ணாம்பு அடிக்கிற மாசம்

சாப்பாடு கிடையாது சார். ரூம் உண்டு, வெந்நி உண்டு, கரண்ட் போனா ஜெனரேட்டர் உண்டு. சாப்பாடு மட்டும் கிடையாது. போன வருஷம் சாப்பிட்டோமேன்னு கேக்கீங்க. சாப்பிட்டிருப்பீங்க, யாரு இல்லைன்னா? போன வருஷம் அடுப்படியில ஆள் இருந்துது. இந்த வருஷம் இல்ல. ஆள் எங்கன்னு நீங்களும் ஆரம்பிச்சிராதீங்க, காலையிலருந்து நாலு குடும்பம் கேட்டாச்சு. சொதி இல்லையா அண்ணாச்சி, புளிமிளகாய் இல்லையா அண்ணாச்சின்னு. அருவியில குளிக்க வந்தாவளா, எங்க வீட்டுக் குழம்புல குளிக்க வந்தாவளா, தெரியல.

உக்காருங்க. மாடியில ரூம் கழுவிக்கிட்டிருக்காவ, தரை காயட்டும். பிள்ளைகளை அந்த மரப் பெஞ்சில உக்காரச் சொல்லுங்க. ஈரத்துணியோட சோபாவுல ஏறக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு, ஒருத்தனும் படிக்க மாட்டான்.

என்ன, அந்தப் போட்டோவையா பாக்கீங்க? ஆமா, நாந்தான். பக்கத்துல நிக்கது என் வீட்டுக்காரி, உலகம்மா. வாசல்ல போர்டு பாத்திருப்பீங்களே, உலகம்மாள் இல்லம்னு. அவ பேருதான். ஊருக்குள்ள எத்தனை லாட்ஜு இருக்கு, எவன் பொஞ்சாதி பேரை வச்சிருக்கான்? அது கென்யா, மசாய் மாரா. சித்திரையில போயிருந்தோம். பின்னால தெரியுதது ஜீப்பு. சிங்கமா? சிங்கம் எங்க இருக்குன்னு நீங்க அந்தப் போட்டோவுல தேடுத மாதிரிதான் நாங்களும் அஞ்சு நாள் தேடினோம்.

நீங்களும் போகணும்னு நினைச்சிருக்கீங்களா? எப்போ? மே மாசம் லீவுலயா? நல்லா வெளங்கும். கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க. ரூம் காய எப்படியும் நேரம் ஆகும்.

சார், நான் முப்பத்தாறு வருஷமா இந்தக் கவுன்டர்ல உக்காந்திருக்கேன். சீசன்னா என்னன்னு எனக்கு ஒருத்தன் சொல்லித் தர வேண்டாம். ஆனி பிறந்து தென்மேக்குக் காத்து திரும்பினா, மலை மேல மேகம் எறங்குத அழகை வச்சே எத்தனை நாள்ல அருவி விழும்னு சொல்லிருவேன். ஆனி, ஆடி, ஆவணி பாதி, இது சாரல் சீசன். கார்த்திகை, மார்கழி, தை பாதி, இது மாலை போட்ட சாமிமார் சீசன். நடுவுல கெடக்க மாசங்கள்ல சுண்ணாம்பு அடிப்போம், கட்டில் காலு ஆட்டம் பாப்போம், மோட்டார் ரிப்பேரு பாப்போம். மழை பெஞ்சா சீசன், பெய்யலைன்னா சீசன் இல்ல. பச்சைப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். நைரோபியில உக்காந்து ஒரு மருந்துக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுத என் மருமகனுக்குத்தான் தெரியல.

அவன் பேரு மகாராஜன். பேருல மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்ல. எங்களுக்கு ஒரே மக, குழலி. கட்டிக் கொடுத்த மறுவருஷமே கூட்டிட்டுப் போயிட்டான். போன தை மாசம் போன் பண்ணுதான். "மாமா, அத்தைக்கு மிருகங்களைப் பாக்கணும்னு ரொம்ப ஆசை. நீங்க ரெண்டு பேரும் வாங்க. எப்போ வரணும்னு நான் எழுதி அனுப்புதேன்"னான்.

அத்தைக்கு ஆசையாம். எனக்குத் தெரியாத ஆசை இவனுக்கு எப்படித் தெரியும்? சரி, தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். அடுப்படியில ஒரு டி.வி. மாட்டியிருக்கேன். காய் நறுக்கும்போது அவ சீரியல் பாக்க மாட்டா. மிருகம் வாற சேனலைத்தான் வச்சிருப்பா. அதுல தாடி வச்ச மாடு ஒண்ணு வரும் சார், வில்டர்பீஸ்டுன்னு பேரு. லட்சக்கணக்குல சேந்து போகும். ஆத்தங்கரையில வந்து நிக்கும், உள்ள முதலை கெடக்கும். எறங்கலாமா வேண்டாமான்னு மணிக்கணக்கா நிக்கும், பிறகு ஒண்ணு குதிக்கும், அது பின்னால எல்லாம் குதிக்கும். அதைப் பாக்கும்போது மட்டும் அருவாமனையில கை நின்னு போகும். ஒரு தடவை சாம்பாரே அடிப்பிடிச்சுது. நான் சத்தம் போட்டேன். அன்னைக்குத்தான் அவ கேட்டா, "இதை ஒரு தடவை நேர்ல பாக்கணும்ங்க. வேற ஒண்ணும் வேண்டாம்"னு.

கட்டிட்டு வந்து முப்பத்தொரு வருஷத்துல அவ கேட்டது அது ஒண்ணுதான். அதை நான் மறுக்கல. நான் என்ன சொன்னேன்? "சீசன் முடியட்டும்"னேன். நியாயமான பதில்தானே? அவளுக்கு எல்லாத்துக்கும் அந்தப் பதில்தான் சொல்லியிருக்கேன். பல் வலிக்கும் அதுதான், அவ தம்பி கல்யாணத்துக்கும் அதுதான். முடிஞ்ச பிறகு போயிட்டு வந்தோமா இல்லையா? தம்பி கல்யாணத்துக்குப் போகல, ஆனா பிள்ளை பிறந்ததும் போய்ப் பாத்தோம்.

மருமகன் எழுதி அனுப்பினான் சார், வாட்ஸப்புல. தமிழ்லதான், எனக்குப் புரியணுமாம். ஆடி, ஆவணி, புரட்டாசி நல்ல காலம். அப்போ மழை இருக்காது, புல்லு குட்டையாக் கெடக்கும், காட்டுக்குள்ள தண்ணி வத்தியிருக்கும். அதனால மிருகங்க ஆத்துக்குத்தான் வந்தாகணும். மாடுவ ஆத்தைத் தாண்டுததும் அப்போதான். அது முடியலைன்னா மாசியில வாங்க, சிங்கம் புலி எல்லாம்... புலி இல்ல, அங்க புலி கிடையாதாம். சிறுத்தை. சிங்கம் சிறுத்தை பாக்கலாம், ஆனா மாடு ஆத்தைத் தாண்டுதது பாக்க முடியாது. பங்குனி, சித்திரை, வைகாசி மட்டும் வேண்டவே வேண்டாம், பெருமழைக் காலம். இப்படி மாசம் மாசமாக் கோடு போட்டு எழுதியிருந்தான்.

எனக்குச் சிரிப்பா வந்துட்டு. தண்ணி வத்தினா சீசனாம்! எங்க ஊர்ல தண்ணி வத்தினா அருவிப் பக்கம் பாறையைப் பாக்க குரங்கு கூட வராது. இவன் கணக்கப்பிள்ளை, என்னத்தைக் கண்டான்? மழை பெஞ்சாத்தானே காடு பச்சையா இருக்கும், பச்சையா இருந்தாத்தானே மான் மேயும், மான் மேஞ்சாத்தானே சிங்கம் வரும்? நான் படிச்சது எட்டாங் கிளாஸ்தான், ஆனா இது எட்டாங் கிளாஸ் வரைக்கும் போகாமலே தெரியுத விஷயம்.

அதோட ஆடியில நான் எப்படிப் போவேன்? பதினாலு ரூமும் நெறஞ்சு வராந்தாவுல பாய் போட்டுப் படுக்குத மாசம். மாசியில போகலாம்தான். மாசியில எனக்கு மோட்டார் மாத்துத வேலை இருந்துது. சித்திரைதான் சும்மா கெடக்க மாசம். உலகம்மா கேட்டா, "மருமகன் எப்போ வரச் சொல்லுதாவ?"ன்னு. நான் "சித்திரையில"ன்னேன்.

என்ன சார் அப்படிப் பாக்கீங்க? பொய்யா அது? வீட்டுல பெரியவன் நான். எப்போ போகணும்னு நான்தானே முடிவு பண்ணணும்? அவளுக்குப் போகணும்னு ஆசை, நான் கூட்டிட்டுப் போறேன், அதுல மாசத்தை யாரு சொன்னா என்ன?

சித்திரை பத்துக்குமேல கெளம்பினோம். அவளைப் பாக்கணுமே, புதுச் சேலை ரெண்டு, கண்ணாடிக்குப் புதுக் கூடு, தம்பி வீட்டுல இரவல் வாங்கின பைனாகுலர் ஒண்ணு. அதை வீட்டு மாடியில நின்னு மலையைப் பாத்துப் பாத்துப் பழகினா. நான் ரெண்டு துண்டு, ஒரு பாட்டில் நல்லெண்ணெய், சீயக்காய். ஏன் சிரிக்கீங்க? ஆறு இருக்குன்னு சொன்னாவளா இல்லையா? ஆறுன்னா குளிக்க மாட்டோமா? சீசன்ல ஒரு ஊருக்குப் போறேன், எண்ணெய் தேய்ச்சுக் குளிக்காம வருவேனா? ஏர்போர்ட்டுல எண்ணெய்ப் பாட்டிலைத் தொறந்து மோந்து பாத்தான் ஒருத்தன். நல்ல வேளை, பெரிய பெட்டியில இருந்ததால விட்டான்.

மாராவுக்குப் போற வழியெல்லாம் மழை. எனக்குச் சந்தோஷம் தாங்கல. "பாத்தியாளா, பிரமாதமான சீசன்"னு அவகிட்ட சொன்னேன். மருமகன் வண்டியில முன்னால உக்காந்திருந்தான், திரும்பிக் கூடப் பாக்கல. மக என்னைப் பாத்து என்னமோ சொல்ல வந்தா, அவன் வேண்டாம்னு கண்ணைக் காட்டினான். மரியாதை தெரிஞ்சவன்தான், அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த மரியாதையே எனக்கு எரிச்சலா இருந்துது.

சாயங்காலம் அங்க போய் எறங்குதோம். கூடாரம் கூடாரமாப் போட்டு லாட்ஜு மாதிரி வச்சிருக்கான். எறங்கினதும் எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. என்னன்னா, வாசல்லருந்து உள்ள வரைக்கும் பாதை ஓரத்துல கல்லு நட்டிருக்கான், ஒரு ஆளு குத்தவச்சு அதுக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டிருக்கான். அந்தப் பக்கம் ரெண்டு பேரு கூரையில ஏறி ஓட்டையை அடைக்கான். சாப்பாட்டுக் கூடத்துல நாற்காலி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக் கெடக்கு. கவுன்டர்ல இருந்தவன் எங்களைப் பாத்துட்டுத்தான் சட்டைக்குப் பொத்தான் போடுதான்.

சார், நான் லாட்ஜு நடத்துதவன். எனக்கு ஒருத்தன் விளக்கிச் சொல்ல வேண்டாம். சீசன்ல எவனும் சுண்ணாம்பு அடிக்க மாட்டான்.

பெட்டியை எடுங்கன்னேன், மழையில நனையுதுன்னேன். உலகம்மா அந்தச் சுண்ணாம்பு அடிக்கவனையே பாத்துக்கிட்டு நின்னா. மழையில சுண்ணாம்பு வழியுது, அவன் மறுபடி அடிக்கான். முப்பத்தொரு வருஷமா வைகாசியில எங்க மாடிப்படிக்குச் சுண்ணாம்பு கலக்கிக் கொடுக்கவ அவதான். "சுண்ணாம்பு அடிக்காவ"ன்னா. அவ்வளவுதான். கேள்வியும் இல்ல, கோவமும் இல்ல. சுண்ணாம்பு அடிக்காவ, அவ்வளவுதான் சொன்னா. எனக்கு எவ்வளவு ஆத்திரமா வந்துதுன்னு கேளுங்க. திட்டினா நானும் திட்டுவேன், வேலை முடிஞ்சிரும். அவ திட்ட மாட்டா.

மறுநாள் ஜீப்புல ஏத்தினான். ஓட்டுதவன் பேரு கிப்ரோனோ, நல்ல ஒசரம், வாய் நெறயச் சிரிப்பு. வண்டி சறுக்கும்போதெல்லாம் "போலே போலே"ங்கான். எது போலே, யாரு போலேன்னு நானும் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். கடைசியில மருமகன் சொல்லுதான், மெதுவா, பைய பையன்னு அர்த்தமாம். பைய போயி என்ன? புல்லு இடுப்பு வரைக்கும் நிக்கு. அதுக்குள்ள சிங்கம் என்ன, எங்க லாட்ஜையே கொண்டுபோய் வச்சாலும் தெரியாது. எங்க பாத்தாலும் தண்ணி கட்டிக் கெடக்கதால ஒரு மிருகமும் ஆத்துப் பக்கம் வர வேண்டிய அவசியமே இல்ல. அதது இருந்த எடத்துல குடிச்சுக்கிட்டுப் படுத்துட்டுது. தாடி மாடா? அதுவ எல்லை தாண்டி அடுத்த நாட்டுல நிக்காம். எங்களுக்கு விசா இல்லாத நாடு.

மூணாம் நாளு வண்டி பொதைஞ்சுது. நம்ம கோவில்பட்டிக் கரிசல் இருக்குல்லா, அதே மண்ணு சார். நாலு சக்கரமும் உள்ள போயிட்டு. மூணு மணி நேரம் நடுக்காட்டுல உக்காந்திருந்தோம், வேற வண்டி வந்து இழுக்க வரைக்கும். அப்போதான் கிப்ரோனோ கையை நீட்டினான். தூரத்துல புல்லு மேல ரெண்டு காது. சிங்கமாம். காது மட்டும்தான் சார். உலகம்மா பைனாகுலரை வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. மழைத்தண்ணி கண்ணாடியில வழியுது, முந்தானையால தொடச்சுத் தொடச்சுப் பாக்கா. ஒரு மணி நேரம் அந்தக் காதைப் பாத்தா. பிறகு காதும் இல்ல.

நாலாம் நாளு ஆத்துக்குப் போனோம். நல்ல தண்ணி, செக்கச்செவேல்னு ரெண்டு கரையும் முட்டி ஓடுது. நம்ம ஊர்னா குளிக்கத் தடைன்னு கயிறு கட்டியிருப்பான். எனக்கு அந்தத் தண்ணியைப் பாத்த பிறகுதான் கொஞ்சம் உசிரு வந்துது. சரி, மிருகம்தான் இல்ல, குளியலாவது போடுவோம்னு சட்டையைக் கழத்தி, தலையில எண்ணெய் வச்சுட்டேன். ஜீப்பு கதவைத் தொறக்கேன், கிப்ரோனோ என் அரைஞாணைப் பிடிச்சு இழுத்துட்டான் சார்! அரைஞாணை! கையைக் காட்டுதான், எதிர்க் கரையில மரக்கட்டை மாதிரி நாலு கெடக்கு. முதலை. மருமகன் சிரிப்பை அடக்கத் தெரியாம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். குழலி சிரிச்சே போட்டா. எண்ணெய் வழிய வழிய அப்படியே உக்காந்து வந்தேன். எவனாவது மாமனாரை இப்படி அசிங்கப்படுத்துவானா?

உலகம்மா மட்டும் சிரிக்கல. அவ தண்ணியையே பாத்துக்கிட்டிருந்தா. "இங்கதான் குதிக்குமோ?"ன்னு கேட்டா. மருமகன் "ஆமா அத்தை, இதே எடம்தான்"னான். "எப்போ?"ன்னா. அவன் என்னை ஒரு தடவை பாத்தான். பிறகு சொல்லிட்டான், "ஆடி ஆவணியில அத்தை. மாமாவுக்கு எழுதி அனுப்பியிருந்தேனே"ன்னு.

அந்த ஒரு வார்த்தையை முழுங்கியிருக்கக் கூடாதா அவன்? பெரிய அரிச்சந்திரன். முழுங்கியிருந்தா இன்னைக்கு நீங்க மத்தியானம் எங்க வீட்டுச் சொதி சாப்பிட்டிருப்பீங்க.

அவ என் முகத்தைப் பாக்கல. "ஆடியிலயா"ன்னு மட்டும் சொன்னா. திரும்பி வாற வரைக்கும் வழக்கம்போலத்தான் இருந்தா. பிளேன்ல எனக்குத் தண்ணி வாங்கிக் கொடுத்தா, காதுல வைக்கப் பஞ்சு கொடுத்தா. நான் சரி, மறந்துட்டான்னு நினைச்சுட்டேன். வந்த மறுநாளே சுண்ணாம்பு கலக்க உக்காந்துட்டா. பிறகு வைகாசி முழுக்க அரைச்சா சார். மல்லி, வத்தல், சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, இட்லிப் பொடின்னு டப்பா டப்பாவா. சீசன் பெருசா இருக்கும்னு நினைக்கா போலன்னு எனக்குள்ள ஒரு பெருமை வேற.

ஆனி கடைசியில நல்ல கூட்டம். ஒருநாள் பந்தி முடிஞ்சு இலை எடுத்த பிறகு வந்து நிக்கா, இந்தா, நீங்க இருக்க எடத்துலதான் நின்னா. "ஆடி ஒண்ணாந் தேதி நான் குழலி வீட்டுக்குப் போறேன். டிக்கெட் அனுப்பிட்டா"ங்கா.

நான் என்ன சொன்னேன்? எவனா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவான். "ஆடியில வீட்டை விட்டுப் போறதுக்கு நீ என்ன புதுசாக் கட்டிட்டு வந்தவளா?"ன்னேன். உங்க பக்கமும் உண்டுல்லா சார், தலை ஆடிக்குப் பொண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது? அதைச் சொல்லி நக்கலாக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்னை எப்போ அனுப்பினீங்க?"ன்னா. எனக்குப் புரியல. "கட்டிட்டு வந்த வருஷம், தலை ஆடிக்கு எங்கப்பா சீரோட வந்து இதே வாசல்ல நின்னாவ. சீசன், ஆள் இல்ல, பிறகு அனுப்புதோம்னு சொல்லித் திருப்பி அனுப்பினீங்க. மழையில நனைஞ்சுக்கிட்டே போனாவ. அடுத்த ஆடிக்கு எங்கம்மா இல்ல. அந்த ஆடி எனக்கு இன்னும் பாக்கி இருக்கு. இப்போ எடுத்துக்கிடுதேன்."

சத்தம் போடல சார். காய்கறி லிஸ்ட்டு சொல்லுத மாதிரிச் சொன்னா. எனக்கு அவ அப்பா வந்ததே ஞாபகம் இல்ல. சத்தியமா இல்ல. சீசன்ல யாரு வாறா யாரு போறான்னு எனக்கு எப்படித் தெரியும், வாசல்ல நிக்கவனெல்லாம் ரூம் கேக்கவன்தானே? முப்பத்தொரு வருஷம் ஒருத்தி இதை மனசுல வச்சுக்கிட்டு எனக்குச் சோறு போட்டிருக்கா. இது எவ்வளவு பெரிய துரோகம்! அப்பவே கேட்டிருந்தா அடுத்த வருஷம் அனுப்பியிருப்பேன். அடுத்த வருஷமும் சீசன்தான், இருந்தாலும் யோசிச்சிருப்பேன்.

"கூட வாறீங்களா?"ன்னும் ஒரு வார்த்தை கேட்டா. அதையும் சொல்லிருதேன், நாளைக்கு நான் மறைச்சேன்னு வரக்கூடாது. "சாவியை யாருகிட்ட கொடுத்துட்டு வர?"ன்னேன். அவ சரின்னு தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. ரெண்டாந் தடவை கேக்கல. ஒரு மனுஷனை ரெண்டாந் தடவை கேக்கதுக்கு என்ன சார் கஷ்டம்?

ஆடி ஒண்ணாந் தேதி அருவியில கூட்டம் அலைமோதுது, இவ பெட்டியை எடுத்துக்கிட்டு ஆட்டோவுல ஏறுதா. அடுப்படியில பொடி டப்பா எல்லாத்துலயும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கா, எத்தனை கரண்டி, எப்போ போடணும்னு. அந்த எழுத்தைப் பாத்த பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது, வைகாசியிலயே முடிவு பண்ணிட்டான்னு. செங்கோட்டையிலருந்து ஒரு சமையக்காரனைக் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு நாள்ல கெஸ்ட்டு தட்டைத் தள்ளி வச்சுட்டாவ. சீட்டைப் பாத்துத்தான் போட்டேன்ங்கான். அவனை நான் ஏசின ஏச்சுக்குச் சாயங்காலமே போயிட்டான். அதுலருந்து அடுப்படியைப் பூட்டிட்டேன்.

போன வாரம் போன் பண்ணினேன். நான்தான் பண்ணினேன், ஆமா. "எப்போ வாறே?"ன்னு கேட்டேன். அவ சொல்லுதா, "இங்க சீசன் முடியட்டும்"னு. புரட்டாசி, ஐப்பசி கூட ஆகுமாம். என் வார்த்தையை எடுத்து எனக்கே போடுதா. ஐப்பசிக்குப் பிறகாவது வருவியான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துட்டு. கேக்கல. வர மாட்டேன்னு சொல்லிட்டா என்ன செய்ய? அதுனால "அருவியில நல்ல தண்ணி"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

அதனாலதான் சொல்லுதேன், மே மாசம் போகாதீங்க. போறதுன்னா ஆடி ஆவணியில போங்க. இந்தப் பக்கம் என்ன எரிஞ்சாலும் போங்க. அவங்க எப்போ பாக்கணும்னு சொல்லுதாவளோ அப்போ போங்க, நமக்கு எப்போ ஒழியுதோ அப்போ இல்ல. நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க, என் மருமகன் காதுக்குப் போயிரும்.

நேத்து காலையில குழலி ஒரு வீடியோ அனுப்பியிருக்கா. இந்தா, பாருங்க. அந்த ஆறுதான், ஆனா தண்ணி வத்திப் பாறை தெரியுது. கரையில பாருங்க, கறுப்பா நிக்கது எல்லாம் மாடுதான். தள்ளுது, முட்டுது, ஒண்ணும் எறங்கல. இப்போ பாருங்க. ஒண்ணு குதிச்சுட்டா? இனி நிக்காது. ஆத்தையே மறைச்சுட்டுது பாத்தீங்களா? சத்தத்தைக் கூட்டி வைக்கேன், கேளுங்க. மாட்டுச் சத்தத்துக்கு மேல ஒரு பொம்பளை கத்துதா, கேக்குதா? ஓன்னு ஒரு கத்து, பிறகு மூச்சு வாங்கி மறுபடி ஒரு கத்து.

எனக்கு எரிச்சலா வந்துது. பக்கத்து வண்டிக்காரியா இருக்கும், வெக்கம் மானம் இல்லாம கத்துதான்னு நினைச்சு மகளுக்குப் போன் போட்டேன். "அது யாரு அந்தக் கத்து கத்துதது? அம்மா எங்க இருந்தா அப்போ?"ன்னு கேட்டேன். மக சொல்லுதா, "கத்துததே அம்மாதாம்ப்பா"ன்னு.

முப்பத்தொரு வருஷம் சார். ஒரே வீடு, ஒரே கூரை. எனக்கு அவ குரல் தெரியல. நேத்துலருந்து எத்தனை தடவை போட்டுக் கேட்டுட்டேன், இப்பவும் அவ குரலாத் தெரியல. மாட்டைப் பாத்துக் கத்தத் தெரிஞ்சவளுக்கு, அவ அப்பாவை நான் மழையில திருப்பி அனுப்பின அன்னைக்கு என்னைப் பாத்து ஒரு கத்து கத்தத் தெரியலையே.

நீங்க வெளியாளு, நீங்க சொல்லுங்க. இன்னொரு தடவை போடுதேன், நல்லாக் கேளுங்க. அவ சிரிக்காளா, அழுதாளா?